ஆட்காட்டி

காட்டில் நாங்கள் எழுதிய முதல் குறிப்பே பிழையானது. "காலை 6.10. ஆட்காட்டி. விடாத குரல். அருகே வேட்டை விலங்கு இருக்கக்கூடும்" என்று இருவரும் அவரவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். 2016 மே மாதம், முதுமலையின் கிழக்கே மசினகுடிப் பக்கத்து முட்காடு. வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களாகப் போயிருந்தோம். ஜீப் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஓசை அடங்குவதற்குள் அந்தப் பறவை வறண்ட ஓடைமேட்டிலிருந்து எழுந்து, தலைக்கு மேல் வட்டமடித்தபடி கத்தத் தொடங்கிவிட்டது. எங்களுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இருளர். ஐம்பதை நெருங்கும் வயது. நாங்கள் எழுதி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு என்ன எழுதினோம் என்று கேட்டார். வாசித்துக் காட்டினோம்.

"புலியெல்லாம் இல்ல சார். அது உங்களத்தான் சொல்லுது" என்றார்.

வெட்கப்படுவதற்குக் காரணம் இருந்தது. பறவையின் பெயரிலேயே விடை இருக்கிறது. ஆள்காட்டி, ஆட்காட்டி, பேச்சுவழக்கில் ஆக்காட்டி. ஆங்கிலேயருக்கு அதன் குரல் ஒரு கேள்வியாகக் கேட்டது. தமிழருக்கோ அது ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கும் குரல். சங்கப் பாடல்களில் கணந்துள் என்றொரு நெடுங்கால் பறவை வருகிறது. அது ஆட்காட்டியே என்று கொள்வாருண்டு. நற்றிணையின் 212ஆம் பாடலில் வேடன் விரித்த வலைக்கு அஞ்சி அது எழுப்பும் தெளிந்த குரலைச் சுரத்தில் நடக்கும் கூத்தர் தம் யாழின் நரம்போசையோடு சேர்த்துக்கொள்கிறார்கள். குறுந்தொகையின் 350ஆம் பாடலில் ஆள் இருப்பதைப் பறவை அறிவிக்க, வழிச்செல்வோர் கூட்டம் விலகிப் போகிறது. இரண்டையும் பலமுறை படித்தவர்கள் நாங்கள். ஆனால் படிக்கும்போதெல்லாம் எங்களை வழிப்போக்கர் பக்கத்திலேயே வைத்துப் படித்திருக்கிறோம். பறவை அறிவிக்கும் அந்த 'ஆள்' நாமாகவும் இருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

இதை எழுதுவது இருவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் பல ஆண்டுகளாக ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்துச் சண்டையிட்டுக்கொள்ளும் நண்பர்கள். காட்டுக்கும் அப்படித்தான் போனோம், புத்தகத்தின் வழியாக. காட்டின் மொழி கற்கக்கூடிய ஒன்று என்ற நம்பிக்கையை எங்களுக்குத் தந்தவர் ஜிம் கார்பெட். 1953இல் வெளிவந்த அவருடைய 'ஜங்கிள் லோர்' நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். மானும் மந்தியும் மயிலும் எழுப்பும் குரல்களைக் கொண்டே, கண்ணுக்குத் தெரியாத புலி எங்கே படுத்திருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். அந்த உலகில் அபாயம் தனியாக வருவதில்லை. தனக்கு முன்னே கட்டியம் கூறுவோரை அனுப்பிவிட்டுத்தான் வருகிறது. செவி மட்டும் கூர்மையாக இருந்தால் போதும். இந்தக் 'போதும்' எங்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆய்வுகளையும் விட்டுவைக்கவில்லை. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் வெவ்வேறு எதிரிக்கு வெவ்வேறு குரல் எழுப்புவதை 1967இல் தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் எழுதினார். 1980இல் ராபர்ட் சேபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் ஆகிய மூவரும் அதே குரங்குகளின் பதிவுசெய்த குரல்களை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். சிறுத்தைக் குரலுக்குக் குரங்குகள் மரமேறின. கழுகுக் குரலுக்கு வானத்தை நிமிர்ந்து பார்த்தன, அல்லது புதருக்குள் ஓடின. பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் எழுந்து நின்று சுற்றியுள்ள புல்லைக் குனிந்து பார்த்தன. அங்கே சிறுத்தையும் இல்லை, கழுகும் இல்லை, பாம்பும் இல்லை, குரல் மட்டுமே. வெறும் அச்சத்தின் அலறல் என்றால் மூன்றுக்கும் ஒரே ஓட்டம்தான் ஓடியிருக்கும். குரலுக்குள் ஏதோ ஒரு சுட்டல் இருக்கிறது. சொல் என்று அதை அழைக்கலாமா என்பது இன்னும் தீராத வழக்கு. நாங்கள் இலக்கியக்காரர்கள், சொல் என்றே எடுத்துக்கொண்டு மகிழ்ந்தோம்.

காவலருக்கு இந்த வழக்கில் அக்கறையில்லை. அவருடைய பாடம் சுருக்கமானது. நடந்துகொண்டே, திரும்பிப் பாராமல் சொல்வார்.

"புள்ளிமான் ஒருக்கா கத்துச்சுன்னா சந்தேகம். விடாம கத்துச்சுன்னா பாத்துருச்சு. மந்தி மேல இருந்து பாக்கும், மான் கீழ இருந்து மோப்பம் புடிக்கும். ரெண்டும் ஒண்ணாக் கத்தினா உண்மை. கடமான் கத்தினா நின்னுருங்க."

ஏன் கடமான்? புள்ளிமான் பயந்த பிள்ளை, சருகு அசைந்தாலும் கீச்சென்று கத்தும். கடமான் எளிதில் வாய் திறக்காது. திறந்தால் அது தகரத்தில் உலக்கையால் மோதியது போன்ற ஒற்றை முழக்கம்; கேட்டவர் அடிவயிற்றில் உணர்வார். கேளையாட்டை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாய் குரைப்பதைப் போல நேரக் கணக்கின்றிக் குரைத்துக்கொண்டிருக்கும், எதற்கென்று அதற்கே தெரியாது என்பது அவர் தீர்ப்பு. குரலைக் கேட்டதும் குரல் வந்த திசையைப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் பிழை என்றார். கத்துகிற விலங்கு எங்கே பார்க்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். முன்னங்காலால் தரையைத் தட்டும் பெட்டைமானின் காது எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது, மந்தியின் முகம் எந்தப் புதரை நோக்கியிருக்கிறது என்று பார்த்தால், நாம் காணாததை அதன் கண் வழியே காணலாம். இரண்டு நாட்களில் இதை ஓரளவு கற்றுக்கொண்டோம் என்றே நினைத்தோம்.

முதல் நாள் இன்னொன்றும் சொன்னார். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து 'டொக்' என்று மெல்லிய ஓர் ஒலி எழுப்பிக் காட்டி, "நான் வாயத் தொறந்து பேச மாட்டேன். இது கேட்டா நின்னுரணும்" என்றார். தலையாட்டினோம். குறிப்பேட்டில் எழுதவில்லை.

இரண்டாம் நாள் எங்களை ஏமாற்றியது துடுப்புவால் கரிச்சான். மூங்கில் புதரிலிருந்து வல்லூறின் குரல் கேட்டது. எங்களில் ஒருவர் தொலைநோக்கியால் வானைத் துழாவ, மற்றவர் நேரத்தைக் குறிக்க, காவலர் விரலை நீட்டிக் காட்டினார். வாலின் இரு முனைகளிலும் துடுப்பு போலத் தொங்கும் இறகுகளோடு கரிச்சான் அமர்ந்து, வல்லூறாகக் கத்திக்கொண்டிருந்தது. "பொய்க்காரன்" என்றார். அந்தச் சொல்லில் கண்டனம் இல்லை. இதன் உறவுப் பறவை இலங்கையின் சிங்கராஜ வனத்திலும் இருக்கிறது. அது எதிரிகளின் குரலையும் பிற பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் அபாய நேரங்களில் போலி செய்வதை எபன் குட்டேலும் சரத் கொட்டகமவும் அங்கே ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவின் கலகாரியில் உள்ள கரிச்சான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிற விலங்குகள் இரையைப் பிடிக்கும் நேரம் பார்த்துப் பொய்யாக எச்சரித்து, அவை போட்டுவிட்டு ஓடும் உணவை எடுத்துக்கொள்கிறது. ஒரு குரல் பலிக்காமல் போனால் வேறு இனத்தின் குரலுக்கு மாறிக்கொள்கிறது. தாம் ஃபிளவர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் அன்றாட உணவில் ஏறக்குறைய கால் பங்கு இப்படித் திருடியது. ஆனாலும் பிற விலங்குகள் அதற்குச் செவிகொடுப்பதை நிறுத்துவதில்லை. ஒரு தடவை பொய்யென்று விட்டுவிட்டால் உண்மையான தடவை உயிர் போய்விடும் அல்லவா?

இந்தக் குரல்களெல்லாம் யாருக்காக என்ற பேச்சு அன்று மாலை முகாமில் எழுந்தது. தன் கூட்டத்தைக் காப்பதற்காக என்பதுதான் நாம் பள்ளியிலிருந்து நம்பி வருவது. அது முழு உண்மையன்று. ஐவரி கோஸ்டின் தாய் காட்டில் சிறுத்தைகளுக்கு ரேடியோ பட்டை அணிவித்துக் கவனித்தவர்கள் 1999இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. குரங்குகள் கத்தத் தொடங்கியதும் பதுங்கியிருந்த சிறுத்தை எழுந்து வேறிடம் போய்விடுகிறது. ஒளிந்து பாய்வதை நம்பி வாழும் விலங்குக்கு, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் அங்கே வேலையில்லை. ஆகவே அந்தக் குரல் கூட்டத்தாரை நோக்கியது மட்டுமல்ல, சிறுத்தையின் முகத்துக்கு நேரே சொல்லப்படுவதும்கூட. காவலரிடம் இதைச் சொன்னபோது, "ஆமா, அதுக்குத்தான் கத்துது. போடா, பாத்துட்டேன்னு" என்றார், இதற்கெல்லாமா ஒரு காட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள் என்கிற முகத்தோடு.

மூன்றாம் நாள் காலை உண்ணிச்செடி அடர்ந்த பள்ளத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். முந்தின இரவு மழை பெய்திருந்ததால் சருகு ஓசை எழுப்பவில்லை. முதலில் மந்தி. இடப்பக்கம், வெக்காலி மரத்தின் உச்சியிலிருந்து தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு, மீண்டும் ஒன்று. சில நொடிகளில் அதற்குக் கீழே புள்ளிமான், ஒன்று, இரண்டு, பிறகு விடாமல். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் மயிர்க்கூச்செறிந்தது. ரெண்டும் ஒண்ணாக் கத்தினா உண்மை. மந்தியின் முகத்தைப் பார்த்தோம், அது பார்க்கும் புதரைப் பார்த்தோம். கற்ற பாடம் வரிக்கு வரி நடந்துகொண்டிருந்தது. அப்போது கடமான் முழங்கியது.

அந்தக் கணத்தின் மகிழ்ச்சியை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. வாழ்நாளெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு மொழியில் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் புரிந்துவிட்ட மகிழ்ச்சி அது. நாங்கள் இரண்டடி, மூன்றடி முன்னே நகர்ந்தோம். யார் முதலில் நகர்ந்தது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடில்லை. ஆகவே நாங்கள் நகர்ந்தோம் என்றே இருக்கட்டும்.

காவலர் நின்றுவிட்டதை நாங்கள் பார்க்கவில்லை. அவர் நாக்கைத் தட்டியதைக் கேட்கவில்லை. மூன்று முறை தட்டியதாகப் பிறகு சொன்னார். எங்கள் செவி முழுக்க இடப்பக்கம் இருந்தது. அவரோ வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பையின் வார் பின்னாலிருந்து வெடுக்கென இழுக்கப்பட்டபோதுதான் திரும்பினோம். வலப்பக்கத்து உண்ணிச்செடிக்குப் பின்னே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, அது நிழல் அல்ல என்று கண் சொல்வதற்குள், காது விரித்தது. தாய் யானை. அதன் கால்களுக்கிடையே, தரையை ஒட்டி இன்னொரு சிறிய சாம்பல் நிறம். முப்பது அடி இருக்கலாம், நாற்பது இருக்கலாம். அச்சம் தூரத்தைச் சரியாக அளப்பதில்லை.

அவர் எங்களை வந்த வழியே தள்ளினார். "ஓடுங்க" என்றதுதான் அன்று காலை அவர் வாயைத் திறந்து சொன்ன முதல் சொல். ஓடினோம். பின்னால் பிளிறலும் செடி முறியும் ஓசையும், அவற்றுக்கு மேலே அவருடைய குரலும் கேட்டன. அவர் ஓடவில்லை. பாதையின் நடுவே நின்று கைகளை உயர்த்தி யானையைப் பார்த்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது யானை நின்றிருந்தது. தும்பிக்கையால் மண்ணை வாரி இறைத்தது. அவர் முகத்தைத் திருப்பாமல் பின்னடி வைத்து நகர்ந்தார், கல் தடுக்கி மல்லாந்து விழுந்தார். யானை முன்னே வரவில்லை. குட்டியைத் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி மறைந்தது. விழுந்தபோது ஊன்றிய இடது கை மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. ஜீப் வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "மந்தி கத்தினது சிறுத்தைக்கு. புலின்னா மான் அங்கயே நின்னு கத்தாது" என்று விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். நாங்கள் அழுதுவிட்டோம்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் கேட்டோம்: இத்தனை விலங்குகள் இருந்தும் யானைக்கு ஒன்றுகூட ஏன் கத்தவில்லை?

"யானைக்கு எதுவும் கத்தாது சார். அது யாரத் திங்குது?"

எங்கள் பிழை முழுவதும் இதற்குள் இருந்தது. யானை மானைத் தின்பதில்லை, மந்தியைத் தின்பதில்லை. யானைக் கூட்டத்துக்கு நடுவே புள்ளிமான்கள் மேய்வதை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். அதை அமைதியின் காட்சி என்று ரசித்தோமேயன்றி, அந்த மான்களை நம்பி நடப்பவனுக்கு அதில் ஒரு சேதி இருப்பதாக எண்ணவில்லை. எங்கள் காடுகளில் நடப்பவர்களுக்கு உயிர்ப்பயம் பெரும்பாலும் யானையால்தான். அந்த ஒன்றைப் பற்றித்தான் எச்சரிக்கைக் குரல்களின் முழு அகராதியும் மௌனம் சாதிக்கிறது. காவலர் அந்த மௌனத்துக்குத் தன் உடலில் வேறு புலன்களை வைத்திருந்தார். புளித்த வாடை, காது விலாவில் மோதும் ஓசை, ஒடியும் கிளை, இவையெல்லாம் மழை ஈரத்தில் அடங்கிப்போன காலையில் எது அவருக்குச் சொன்னது என்று கேட்டோம். அவருக்கே தெரியவில்லை. நின்றுவிட்டேன் என்றார், அவ்வளவே.

யானைக்கும் எச்சரிக்கைக் குரல் உண்டு என்பதைப் பின்னர் தேடிப் படித்தோம். தென்னிந்தியக் காட்டோரங்களில் விவேக் துப்பிலும் ரிச்சர்ட் காஸும் புலி, சிறுத்தை ஆகியவற்றின் உறுமலை யானைகளுக்கு ஒலிக்கச் செய்து 2013இல் எழுதினார்கள். சிறுத்தையின் உறுமலுக்கு யானைகள் பிளிறின, தரையை உதைத்தன. புலியின் உறுமலுக்கோ ஓசையே இல்லாமல் பின்வாங்கின. கென்யாவில் ஜோசப் சோல்டிஸ், லூசி கிங் முதலியோர் 2014இல் காட்டியது இன்னும் நெருடலானது. தேனீக்கூட்டத்துக்கு ஒன்றும் மனிதக் குரலுக்கு வேறொன்றுமாக அங்குள்ள யானைகள் தாழ்ந்த உறுமல் எழுப்புகின்றன. அதாவது, அவற்றின் குரல்களுக்குள் நமக்கென்று ஒன்று இருக்கிறது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டில் நீர்நிலைகளின் ஓரம் ஒலிபெருக்கி வைத்துச் செய்தது. சிங்க உறுமலைக் கேட்டு ஓடியதைவிட மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கேட்டு விலங்குகள் அதிகம் ஓடின, யானைகள் உட்பட. கூச்சல் அல்ல, வெறும் பேச்சு. அன்று காலை நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டே நடந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அந்தத் தாய் எங்களை எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததோ?

ஆறு வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போனோம். ஊருக்கு வெளியே வரிசையாக ஓட்டு வீடுகள், பின்புறம் வேலி, வேலியைத் தாண்டினால் காடு. மாவுக்கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. திண்ணையில் பாய் விரித்தார்கள், அவருடைய மனைவி கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். கொண்டுபோன உறையை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தோம். கடைசியில் அதை அம்மாவிடம் நீட்டினோம். அவர் வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னே செருகினார். காவலர் அந்த நேரம் முழுக்க வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க எண்ணித் தயார் செய்திருந்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. "எங்க மேலதான் தப்பு அண்ணா" என்று மட்டும் சொன்னோம். "யானை மேல தப்பில்லல்ல, அது போதும்" என்று சிரித்தார்.

பிறகு பேச்சு வேறு பக்கம் போயிற்று. அவருடைய மகள் பிளஸ் டூ முடித்தது, மழை பிந்தியது, பலாப்பழ வாசத்துக்கு இரவில் வேலியருகே வரும் ஒற்றைக் கொம்பன். பின்கட்டில் தவிட்டுக்குருவிகள் சலசலத்துக்கொண்டிருந்தன. அவை எப்போதும் சலசலப்பவைதாமே, நாங்கள் பொருட்படுத்தவில்லை. திடீரென்று காவலர் ஒரு வார்த்தையின் நடுவே நிறுத்தினார். உள்ளே அடுப்படியில் பாத்திர ஓசையும் அதே நேரத்தில் நின்றது. சலசலப்பு ஏதோ விதத்தில் மாறியிருக்க வேண்டும். எங்களுக்கு அது மாறியதாகவே தெரியவில்லை.

"பாம்பு" என்றார் அவர், எங்களுக்காக.

அவர் மனைவி அதற்குள் கோழிக்குஞ்சுகளைக் கூடையால் கவிழ்த்துவிட்டு, கையில் கழியோடு பின்கட்டுக்குப் போயிருந்தார்.